பருப்பு வெந்த தண்ணீர்

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பஸ் பிடித்து வந்து சண்டை போடுகிற ஆட்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு சினிமாக் கொட்டகை, ஒரு மாதா கோயில், ஒரு மசூதி, தெருவுக்கு ஒரு மாரியம்மன், வாரத்துக்கு ஒரு சந்தை. நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அந்த ஊரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் வந்து 'என்ன இந்தம்மா இப்படித் திட்டுது' என்று யாரும் கேட்கக் கூடாது.

ஆனால் போகும்போது பிடித்துத்தான் போனேன். அதற்குக் காரணம் மாப்பிள்ளை இல்லை. அவர் பாவம், நல்ல மனுஷன், ஆனால் அவரைப் பார்த்து மயங்கிப் போகிற அளவுக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. என்னை மயக்கியது அந்த ஊரின் கிணறு.

நான் பிறந்தது ஏரியூருக்கு அந்தப் பக்கம், ஒரு காட்டூர். பாறையைக் குடைந்து ஆழமாக வெட்டிய ஒரே ஒரு கிணற்றை நம்பி இருந்த ஊர். அங்கே யார் வாயைத் திறந்தாலும் பல் காவி நிறமாக இருக்கும். சிலருக்குப் பட்டை பட்டையாக, சிலருக்கு ஓரம் அரித்துப்போய். எனக்கும் அப்படித்தான். வேப்பங்குச்சி, சாம்பல், உப்பு, செங்கல் பொடி எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. ஈறு கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் டவுன் பிள்ளைகள் என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். காட்டூர்க்காரர்கள் பல் விளக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்த பாடம். நான் அவர்கள் எல்லோரையும் விட அதிக நேரம் பல் விளக்கியவள்.

பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னிடம் நின்றார்.

"தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கி வச்சிருக்கியே. இது அழுக்கு இல்லம்மா. உங்க ஊர்த் தண்ணி. பாறையில இருக்கிறது தண்ணியில கலந்து வருது. சின்னப் பிள்ளையில அதக் குடிச்சா, ஈறுக்குள்ள இருக்கும்போதே பல்லு கெட்டுப்போயிடும். முளைச்ச பின்னாடி ஒண்ணும் செய்ய முடியாது."

"பால்பல்லு நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்றேன்.

"பால்பல்லு எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். ரெண்டாவது பல்லு வரும்போதுதான் தெரியும்."

எனக்கு அழுகையும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நான் அழுக்கு இல்லை என்று படித்த ஒருத்தர் சொல்லிவிட்டார். அதோடு இன்னொன்றும் மனசில் ஏறிக்கொண்டது. என் பல் போனது போகட்டும். எனக்குப் பிறக்கிற பிள்ளை வேறு தண்ணீர் குடிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு மாதா பாட்டுப் பாடச் சொல்வார்கள். குரலைக் கேட்கத்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். குரலாவது மண்ணாவது. வாயைத் திறக்க வைத்துப் பல்லைப் பார்க்கத்தான். பெண் கொடுக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். அப்புறம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துச் சிரிக்க வைத்துப் பார்ப்பார்கள்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் பாட்டு முடிவதற்குள்ளேயே எழுந்து போனதும் உண்டு. கடைசியில் வந்தவர்கள்தான் இந்த டவுன்காரர்கள். மாப்பிள்ளையின் அண்ணன்தான் பேச்சுக்காரர். டவுனில் இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணி, கடப்பாரை, பைப்பு, குழாய், பெயிண்டு எல்லாம் விற்கிற கடை. மாப்பிள்ளை அந்தக் கடையில்தான் வேலை. என் பாட்டைக் கடைசி வரைக்கும் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் அந்த அண்ணன் என் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"பல்லப் பத்தி நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மாமா. எங்க ஊர்க் கெணத்துத் தண்ணி குடிச்சா உங்க பேரப்புள்ளைங்க வாயில பல்லு ஒண்ணொண்ணும் முத்தாட்டம் இருக்கும். அந்தத் தண்ணிக்குன்னே எங்க ஊருக்குப் பொண்ணு குடுக்கறாங்க."

அந்த ஒரு பேச்சுக்காகவே நான் தலையாட்டினேன்.

கிணறு அவர் சொன்னபடியே இருந்தது. ஊருக்கு மேற்கே ஏரி. ஏரிக்கரைக்குக் கீழே சந்தைத் திடல். திடலின் ஓரத்தில், பெரிய வட்டமாக, படி வைத்துக் கட்டிய கிணறு. ஏரி நிறைந்தால் கிணறு நிறையும். ஏரியில் தண்ணீர் வற்றினாலும் கிணற்றில் ஊறிக்கொண்டே இருக்கும். சந்தைக்கு வருகிறவர்கள் மாட்டுக்கும் தங்களுக்கும் அதில்தான் தண்ணீர் இறைப்பார்கள். கிணற்றை ஒட்டி ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். அந்த டீக்காகவே பாப்பாரப்பட்டி, பென்னாகரம் போகிற பஸ் டிரைவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்துவார்கள். பாயிடம் டீ நல்லா இருக்கிறது என்று சொன்னால், "நம்ம கையில என்னாங்க இருக்குது, தண்ணி அப்படி" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். ஒன்றுதான். அவளுக்கு முதல் முதலாகக் கிணற்றுத் தண்ணீரைப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. சொத்து எழுதிக் கொடுப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவள் தவழ்ந்து எழுந்து நடக்கிற சமயத்தில்தான் என் மூத்தாருக்கு, அதாவது அந்த இரும்புக்கடை அண்ணனுக்கு, ஓசூர் பைத்தியம் பிடித்தது.

ஓசூர் அப்போது எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. இவர் சரக்கு எடுக்கப் பெங்களூர் போகிற வழியில் அங்கே இறங்கிப் பார்த்திருக்கிறார். கம்பெனி மேல் கம்பெனி, யூனிபாரம் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகிற பையன்கள், ராத்திரி பகலாக லாரி. அவ்வளவுதான். திரும்பி வந்தவர் சாப்பிட உட்கார்ந்தால் ஓசூர், எழுந்தால் ஓசூர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றாலும் ஓசூர்.

"நேத்து வரைக்கும் அது என்னா ஊரு? நம்மூர விடக் கேவலமான ஊரு. இன்னிக்கிப் பாரு. நாம மட்டும் சந்தையக் கட்டிக்கினு அழுவறோம். புளி வித்து, ராகி வித்து எந்த ஊருடா முன்னுக்கு வந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு அங்கே யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடைவீதிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஊர் வளர்ச்சிக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். மூத்தார்தான் தலைவர். பெங்களூர்க் கம்பெனி ஒன்று ஆலை கட்ட இடம் தேடுகிறதாம். சேலம் பக்கம் ஒரு ஊரும், ஓசூரும், எங்கள் ஊரும் போட்டியாம். யார் போட்டி வைத்தார்கள், யார் மார்க் போடுகிறார்கள் என்று எவனுக்கும் தெரியாது. ஆனால் ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் எல்லோருக்கும் வெறி ஏறிவிட்டது.

ஜெயிப்பதற்கு அவர்கள் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். கம்பெனிக்கு இடம் வேண்டும், ஏரியை மேடாக்கிக் கொடுத்துவிடலாம். ஏரியில் எப்போதும் தண்ணீரா நிற்கிறது, பாதி வருஷம் மாடு மேய்கிறது, சும்மா கிடக்கிற இடம்தானே. லாரி உள்ளே வர ரோடு வேண்டும், சந்தைத் திடல் வழியாகப் போட்டுவிடலாம். ரோட்டோரம் மாடி வைத்து ஒரு காம்ப்ளக்ஸ் கட்டினால் ஊர் டவுன் மாதிரி இருக்கும். கிணறு? கிணறு என்ன கிணறு, இந்தக் காலத்தில் போய். ஆழமாக ஒரு போர் போட்டு, டேங்கு கட்டி, தெருவுக்குத் தெரு குழாய் வைத்துவிட்டால் போயிற்று. குழாய் யார் கடையில் வாங்குவார்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கே தெரியும்.

உண்மையைச் சொன்னால், அவர் காசுக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். மனசார நம்பிச் செய்தார். திருடனாக இருந்தாலாவது பிடித்துக் கொடுக்கலாம். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பியவனை என்ன செய்வது?

போர் லாரி வந்து கடைவீதியில் நின்று ஓட்டை போட ஆரம்பித்தது. புழுதி வந்தது, அப்புறம் பாறைப் பொடி வெள்ளையாக வந்தது. பாறை, பாறை, பாறை. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தபடி நின்றேன். எங்கள் ஊர்க் கிணற்று மேட்டில் குவிந்து கிடப்பதும் அதே பொடிதான்.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என்னாங்க, உங்க அண்ணங்கிட்ட சொல்லுங்க. பாறைக்கு அடியில இருந்து வர்ற தண்ணி வாணாங்க. எங்க ஊர்த் தண்ணி அதுதாங்க. போரு வேணுன்னா போட்டுக்கட்டும், கெணத்த மூட வாணான்னு சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்றது? அவரு பெரியவரு."

"நம்ம புள்ள சின்னதுங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அவருடைய அண்ணனுக்கு எதிரே அவருக்கு வாய் வராது. சோறு போடுகிற கடை.

அப்போதுதான் அந்தப் பருப்பு விஷயம் நடந்தது.

எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்க்க ஒரே ஒரு பரீட்சைதான். துவரம்பருப்பு வேகிறதா? வெந்தால் நல்ல தண்ணீர். விறைத்துக்கொண்டு நின்றால் சப்பத் தண்ணீர், துணி துவைக்கத்தான் ஆகும். பெண்கள் எல்லோரும் இதில்தான் சத்தியம் செய்வார்கள். கமிட்டிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனி ஆபீசர்கள் இடம் பார்க்க வருகிற நாளில், சந்தைத் திடலில், ஊர் பார்க்க, ரெண்டு அடுப்பு மூட்டினார்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். ரெண்டிலும் ஒரே பருப்பு. சட்டி ரெண்டும் பாய் கடையிலிருந்து வாங்கினார்கள். அந்த மனுஷனின் கடையை இடிப்பதற்கான பரீட்சைக்கு அவரிடமே சட்டி வாங்கினார்கள் என்றால் அவர்கள் துணிச்சலைப் பாருங்கள்.

கம்பெனி கார் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், அவருக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு ரெண்டு பேர். மாலை, மேளம், போட்டோ. அவர் கேட்டதெல்லாம் பெங்களூர் எவ்வளவு தூரம், டிரங்கால் போட்டால் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும், கரண்டு எத்தனை தடவை போகும் என்பதுதான். மூத்தார் எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் பிரச்சினையே இல்லீங்க சார்" என்றார். கரண்டு போய்த்தான் மைக்செட் நின்றிருந்தது, அந்த நேரத்திலேயே.

அடுப்பைச் சுற்றி ஊரே கூடி நின்றது. பெண்கள் முன்னால். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு எப்போதும்போல நிதானமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. போர் தண்ணீரில் பாதி நேரத்திலேயே பருப்பு உடைந்து, மலர்ந்து, கரைந்துவிட்டது. மூத்தார் கரண்டியால் அள்ளிக் காட்டினார். "வெண்ணெ மாதிரி இருக்குது பாருங்க! வெண்ணெ!" கை தட்டல். விசில். பெண்களெல்லாம் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். இதுவரைக்கும் கிணறு கிணறு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த நிமிஷத்தில் கட்சி மாறிவிட்டார்கள்.

என் அம்மா வீட்டில் பருப்பு அப்படித்தான் வேகும். அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் குழைந்துவிடும். சுற்று ஊர்க்காரர்கள்கூட எங்கள் ஊர்ப் பருப்பை மெச்சுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில், இங்கே பருப்பு வேக நேரமாகிறதே என்று நான்தான் சலித்துக்கொண்டேன். பருப்பைக் கரைக்கிற தண்ணீர்தான் எங்கள் பல்லையும் கெடுத்தது. இவர்கள் அதையே கரண்டியில் ஏந்திக் காட்டிக் கை தட்டுகிறார்கள்.

வெட்கத்தைப் பார்க்காமல் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, எங்க ஊர்லயும் பருப்பு இப்படித்தாங்க வேவுது. அங்க எல்லாருக்கும் பல்லு எப்படி இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? பொண்ணு பாக்க வந்தப்ப நீங்கதான சொன்னீங்க, இந்தக் கெணத்துத் தண்ணிக்குன்னே பொண்ணு குடுக்கறாங்கன்னு? அதப் போயி மூடலாமுங்களா? எம்புள்ளைக்கி இன்னும் பல்லு மாறல மாமா."

கறுப்புக் கண்ணாடிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூத்தாருக்கு முகம் சிவந்தது. ஆபீசருக்கு எதிரே வீட்டுப் பெண் இப்படிப் பேசிவிட்டாளே என்ற ஆத்திரம். ஆனால் அவர் கெட்டிக்காரர், சிரித்தார்.

"ஏம்மா, உங்க ஊர்ல பருப்பு நல்லா வேவுதுன்னு நீயே சொல்ற. அப்ப அது நல்ல தண்ணிதான? தண்ணி மேல ஏன் பழி போடற? பல்ல வெளக்கச் சொல்லும்மா உங்க ஊர்க்காரங்கள."

ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. ஆம்பளை பொம்பளை எல்லோரும். என் பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒவ்வொரு வாயிலும் வெள்ளை வெளேரென்று பல். எல்லாம் அந்தக் கிணறு கொடுத்தது. என் வீட்டுக்காரர் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "மானத்த வாங்கிட்டியே" என்றார். யார் மானம் என்று கேட்டேன். பாய் மட்டும் சிரிக்கவில்லை. தன் சட்டி ரெண்டையும் எடுத்துக்கொண்டு, போர் தண்ணீரில் வெந்த பருப்பை ஓரமாகக் கொட்டினார்.

கறுப்புக் கண்ணாடிக்காரர் கிளம்பும்போது மூத்தார் ஒரு டம்ளர் போர் தண்ணீரை நீட்டினார். அவர் கும்பிட்டுவிட்டு, கோலி சோடா கேட்டு வாங்கிக் குடித்தார். அதை நான் திடலைப் பார்த்த எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மோட்டார் போடுகிற நாளில் மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், மசூதியிலிருந்து வந்து துவா செய்தார்கள், பூசாரி எலுமிச்சம்பழம் வைத்தார். ஒற்றுமை பொங்கி வழிந்தது. மற்ற நாளில் ஒரு தேர் போகிற வழிக்கு அடித்துக்கொள்கிற ஊர், ஒரு கிணற்றை மூட மட்டும் ஒன்றாகக் கூடியது. பாய் கடையை இடித்த செங்கல்லையும் மண்ணையும்தான் முதலில் கிணற்றுக்குள் தள்ளினார்கள். அடியில் தண்ணீர் கிடந்ததால் தொபுக் தொபுக்கென்று சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

பாய் பாப்பாரப்பட்டிக்குப் போய் அங்கே கடை போட்டார். போவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரிடம், "தம்பி, அங்க நம்ம சம்பந்தி இரும்புக்கடை வச்சிருக்காரு. ஆளு வேணுன்னு சொன்னாரு. வர்றியா? சந்தைக்கிப் பக்கத்துல நல்ல தண்ணிக் கெணறு இருக்குது. பாப்பாவுக்காவச் சொல்றேன்" என்றார். நான் அடுப்படியில் இருந்து ஓடி வந்தேன். போகலாம் போகலாம் என்று என் கண், வாய் எல்லாம் சொன்னது. வீட்டுக்காரர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன விட்டுட்டு எப்படிங்க பாய்" என்றார். அன்றைக்கு நான் வீட்டில் சோறு ஆக்கவில்லை. அடுத்த நாள் ஆக்கினேன். வேறு என்ன செய்வது, குழந்தை இருக்கிறதே.

கம்பெனி? ஓசூருக்குப் போயிற்று. பின்னே? பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரை விட்டுவிட்டு, எங்கள் ஊரில் பருப்பு நன்றாக வேகிறது என்று வருவானா? அவர்களுக்கு எங்கள் ஏரியும் வேண்டாம், கிணறும் வேண்டாம். ஒரு பகல் வந்து மாலை போட்டுக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஏரியை மேடாக்கிக் கல் நட்டாயிற்று. வரத்து வாய்க்கால் மேல் ரோடு போட்டாயிற்று. அந்த வெட்டவெளியில் ஆடு மேய்ந்தது. இந்த வருஷம் வராவிட்டால் அடுத்த வருஷம் வேறு கம்பெனி வரும் என்று கமிட்டி சொன்னது.

வந்தது வேறொன்று. சந்தைக்கு ஆள் குறைந்தது. திடல் பாதியாகிவிட்டது, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இடமில்லை, குழாயடியில் உள்ளூர்க்காரிகள் வெளியூர்க்காரர்களைக் குடம் வைக்க விடவில்லை. புளி மூட்டை கட்டி வருகிறவர்கள் ஒவ்வொருத்தராகப் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போக ஆரம்பித்தார்கள். அவர்களோடு மாட்டு வியாபாரி போனான், வளையல்காரன் போனான், பஸ் டிரைவர்களும் டீக்கு அங்கேதான் நிறுத்தினார்கள். காம்ப்ளக்ஸில் என் மூத்தார் கடையையும் ஒரு சைக்கிள் கடையையும் தவிர மற்றதெல்லாம் ஷட்டர் போட்டே கிடந்தது. ஊருக்கு ஊர் போட்டி என்றார்களே, எங்கள் ஊர் ஓசூரோடு போட்டி போட்டுப் பாப்பாரப்பட்டியிடம் தோற்றது. அந்த ஊர்க்காரர்களுக்குப் போட்டி நடந்ததே தெரியாது. ஜனம் எதற்காக நம் ஊருக்கு வருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். தண்ணீருக்காக வந்தார்கள். அதை மூடிவிட்டு, வா வா என்று ஊரையே கூப்பிட்டார்கள். இப்போதும் பேப்பரில் எந்த ஊரையாவது பெரிதாக்கப் போகிறோம் என்று படித்தால், அங்கே எந்தக் கிணற்றை மூடப் போகிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

நான் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணறு. ஆழமில்லாத, மண் கிணறு. காலையில் எழுந்ததும் குழந்தைக்கு மட்டும் அங்கே போய் ஒரு குடம் கொண்டு வருவேன். கடைவீதி வழியாகத்தான் வர வேண்டும். "வூட்டு வாசல்ல கொழாய வச்சிக்கினு எங்கம்மா போயிட்டு வர்றே, பல்லு வெளக்கவா?" என்று கேட்பார்கள். என் மூத்தாரின் பெண்டாட்டி, "எங்க வூட்டுத் தண்ணி எறங்கலியா மகாராணிக்கி" என்று நான் கேட்கும்படியே சொல்லுவாள். அவளுடைய பிள்ளைகள் ரெண்டும் கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பல் மாறி முடித்தவர்கள். அவளுக்கு என்ன கவலை? நான் என் பாட்டுக்குக் குடத்தோடு நடந்தேன்.

ஏரி இல்லாமல் அந்தத் தோட்டத்துக் கிணறு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு கோடையில் கலங்கலாயிற்று. மழை பொய்த்த அடுத்த வருஷம் அடி மண் தெரிந்தது. தோட்டக்காரரும் கடன் வாங்கிப் போர் போட்டார். அந்தப் போர் தண்ணீரிலும் பருப்பு நன்றாகத்தான் வெந்தது. அதற்குப் பிறகு எனக்குப் போக இடமில்லை. குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் துணியில் வடிகட்டினேன், காய்ச்சினேன், ஆற வைத்தேன். காய்ச்சினால் அது போகாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெரியாமல் இருந்த வரைக்கும் ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதலாவது இருந்தது. என் கையாலேயே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் மடக் மடக்கென்று குடிப்பாள்.

அவளுக்குப் பால்பல் விழ ஆரம்பித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. தினமும் காலையில் அவளை வெளிச்சத்தில் நிறுத்தி உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். முன்பல் ரெண்டும் எட்டிப் பார்த்தன. சுண்ணாம்பு தடவியது போல இருந்தன. வீட்டுக்காரர், "வெள்ளையாத்தான இருக்குது, நீ ஒருத்தி" என்று சந்தோஷப்பட்டார். எங்கள் ஊரிலும் முதலில் சுண்ணாம்பாகத்தான் வரும். பழுப்பு அதன் மேல் பிறகு ஏறும். ஒருவேளை ஏறாமல் போய்விடாதா என்று மாதா கோயிலில் போய் மண்டியிட்டுக் கேட்டேன். அழுதேன், மிரட்டினேன்கூட.

ஏறிவிட்டது. பள்ளிக்கூடம் ஒரு கோடை லீவு விட்டுத் திறந்த சமயம். அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தேன். ஏதோ சொல்லிச் சிரித்தாள். காவிப் பட்டை, நடுவில், நெடுக்காக. சீப்பைக் கீழே போட்டேன். அவள் கையைப் பிடித்தேன், பாதிச் சடையோடு தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தேன். எனக்கு என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. நேரே காம்ப்ளக்ஸ், மூத்தார் கடை.

கடையில் நாலைந்து பேர் ஆணி, பைப்பு என்று நின்றுகொண்டிருந்தார்கள். ரெண்டு பேர் அன்றைக்குப் பருப்புச் சட்டியைச் சுற்றி நின்று சிரித்தவர்கள். என் வீட்டுக்காரர் உள்ளே கம்பி அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பியைப் போட்டுவிட்டு எழுந்தார். மூத்தார் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாம்மா?" என்றார்.

அவரைக் கேட்பதற்கு என்று எத்தனையோ வருஷமாக நான் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் தோலை உரிக்கிற வார்த்தை. முதலில் எல்லோரும் பார்க்கட்டும், அப்புறம் பேசுகிறேன் என்று குழந்தையைத் தூக்கி அவர் மேஜை மேல் நிறுத்தினேன்.

"காட்டுடி. பெரியப்பாவுக்கு வாயத் தொறந்து காட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு பேருக்கு நடுவில் மேஜை மேல் ஏற்றி நிறுத்தியதில் அவளுக்கு ஒரே குதூகலம். ஏதோ பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள். பிறகு அவளே சொன்னாள்.

"பெரியப்பா, எனக்கும் எங்கம்மாவாட்டமே பல்லு வந்திருச்சி!"

கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மூத்தார் தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். நான் பேச வாயைத் திறந்தேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பல்லை எப்படித் திட்டுவது? அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மீதிச் சடையைப் பின்னிவிட்டேன்.